மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை: வீட்டுக்குத் துணி, பெட்டி, பாய்

திங்கள் – மட்டக்களப்பு, காத்தான்குடி

மட்டக்களப்பில் தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று போகும் ஏ4 வீதி 60 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. வீதியின் வட பாதியில் இடது கையில் கடல், வலது கையில் வாவி. ஓலையும் தும்பும் தறித்துணியும் பன்பாயும் (பன் என்னும் சதுப்புப் புல்லில் இழைத்த பாய்) இந்த ஒரே வீதியில் கிடைக்கும். ஓர் ஊரில் எல்லாவற்றையும் வாங்கிவிட நினைத்தால் இரண்டாந்தரப் பொருளோடுதான் வீடு திரும்ப வேண்டும். நிதானமாக இறங்கி இறங்கிப் போங்கள்.

வீட்டு அளவு கையில் இல்லாமல் புறப்பட வேண்டாம். யன்னலின் அகலமும் உயரமும், கட்டிலின் நீள அகலமும், மெத்தையின் தடிப்பும் ஒரு தாளில் இருக்கட்டும். மெத்தைத் தடிப்பை எழுதாமல் வந்து, விரிப்பு இரண்டு பக்கமும் கைப்பிடி அளவுகூடத் தொங்கவில்லை என்று பிறகு கவலைப்படுவோர் பலர்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கடைகளிலும், கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடியிலும் திரைச்சீலைத் துணி தாராளமாக உண்டு. 1924இல் திறந்த அந்தப் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தாலே இந்த ஊர்க் காற்றின் உப்பு என்ன செய்யும் என்பது விளங்கும். அதே உப்புத்தான் திரைச்சீலையின் இரும்பு வளையத்தையும் தின்னும். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வீடு இருந்தால் மர வளையம், பிளாஸ்ரிக் வளையம், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். முலாம் பூசிய மலிவு வளையம் முதல் மாரியிலேயே துணியின் தலைப்பில் பழுப்பு வட்டம் போடும். அந்தக் கறையை நீக்க வழி உண்டு. எலுமிச்சம்புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் துரு இளகும், கூடவே சாயமும் கொஞ்சம் இளகும். வராமல் பார்ப்பதே நல்லது.

கணக்கு இப்படி. யன்னல் 48 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கு விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 96 அங்குலம். கைத்தறித் துணி பெரும்பாலும் 45 முதல் 48 அங்குல அகலத்தில் வருவதால் இரண்டு துண்டு போதும். உயரம் 60 அங்குலம் என்றால், மேலே கம்பி நுழையும் மடிப்புக்கு 3, கீழ் மடிப்புக்கு 4 சேர்த்து 67. பருத்தி சுருங்கும். நூறுக்கு ஐந்து பங்கு கூட்டினால் ஏறக்குறைய 71 அங்குலம். இரண்டு துண்டுக்கு 142 அங்குலம், ஆக 4 யார் (ஒரு யார் 36 அங்குலம்) வாங்கினால் சரி. கட்டம் போட்ட துணி என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டத்தின் உயரத்தைக் கூடுதலாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சீலையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது கட்டங்கள் படி ஏறியது மாதிரி நிற்கும். தைக்கும் முன் துணியை நனைத்துக் காயவிடுவது கட்டாயம். சுருக்கம் தையலுக்குப் பின் வந்தால் துணியும் நூலும் வெவ்வேறு அளவில் இழுபட்டு விளிம்பு நெளியும்.

கைத்தறி என்று சொல்லி விற்பதெல்லாம் கைத்தறி அல்ல. துணியின் ஓரக் கரையைப் பாருங்கள். ஊடை நூல் (குறுக்கே ஓடும் நூல்) வெட்டுப்பட்டுக் குஞ்சம் குஞ்சமாக நின்றால் அது நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) ஓடாத நவீன இயந்திரத்தில் வந்த துணி. ஊடை திரும்பி மடங்கி, கரை மூடியிருந்தால் கைத்தறியாகவும் இருக்கலாம், பழைய விசைத்தறியாகவும் இருக்கலாம். அடுத்துத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கையால் அடித்த ஊடையில் சில இடம் சற்று நெருங்கியும் சில இடம் சற்று விலகியும் இருக்கும். விசைத்தறியில் அந்த அசைவு இராது. ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் பட்டையாகத் தெரிந்தால் மட்டும் அது குறை. நெசவாளர் வேலையை நிறுத்தி மீண்டும் தொடங்கிய இடம் அது. முதலில் நைந்து போவதும் அதுதான்.

செவ்வாய் – களுவாஞ்சிக்குடிப் பக்கம்

ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை என்று தென்னையும் பனையும் மாறி மாறி வரும் மணல் ஊர்கள். இன்று ஓலையும் தும்பும்.

பனையோலையில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பாதி ஏமாற்றம் குறையும். விரியாத இளம் ஓலை குருத்தோலை. வெளிறிய நிறம், மென்மை, மெல்லிய வாராகக் கிழியும். நிறப் பெட்டி, மேசை விரிப்பு, பனங்கட்டிக் குட்டான், பிட்டு அவிக்கும் கூம்பு வடிவ நீத்துப்பெட்டி எல்லாம் அதில்தான். விரிந்து முற்றிய பச்சை ஓலை சார்வோலை. தடிப்பும் உழைப்பும் கூட. பாரம் சுமக்கும் கடகத்துக்கு வெளிப்பக்கம் சார்வோலை, உட்பக்கம் குருத்தோலை என்று இரட்டையாக இழைத்து, வாயைப் பனை மட்டையில் உரித்த நாரால் பொத்துவார்கள். கடகத்தின் ஆயுள் அந்த வாயில் இருக்கிறது. நார் அடுத்தடுத்து, இடைவெளி விரல் நகத்தளவுக்கு மேல் போகாமல், ஒரே இழுவையில் இறுகியிருக்க வேண்டும். நாருக்குப் பதில் பிளாஸ்ரிக் நாடாவால் கட்டியது பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அது ஓலையோடு சேர்ந்து நனைந்து சேர்ந்து காயாது. ஓலை காயும்போது சுருங்க, நாடா தளர்ந்து விடும்.

வெட்டிய குருத்தோலையை இரண்டு மூன்று நாள் வெயிலிலும் இரவுப் பனியிலும் போட்டெடுத்தால் நன்றாக வெளிறும். மழை பட்டால் அவ்வளவுதான், கறுப்புப் புள்ளி விழும். எந்தச் சாயமும் அதை மறைக்காது. ஒரு மரத்திலிருந்து அடிக்கடி குருத்து எடுத்தால் மரம் நலியும் என்பதால் பல மரத்துக்கு மாறி மாறி எடுக்க வேண்டும். நல்ல குருத்தோலை விலை கூடியிருப்பதன் காரணம் இதுவே. பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியது முதல் ஓலை வேலைக்கு ஓர் அரச ஆதரவு உண்டு. ஆனாலும் மரமேறுவோர் குறைந்தால் பின்னுவோரும் கை கட்டி இருக்க வேண்டியதுதான்.

சாயம் போட்ட ஓலைப் பெட்டி வாங்கும்போது ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய நிறம் ஒட்டுவது வழக்கம். துணி முழுக்கச் சிவந்தால் ஓலையைக் கொதி நீரில் போதிய நேரம் விடாமல், சாயத்தில் தோய்த்து எடுத்துக் காயவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பெட்டிக்குள் துணி வைக்க முடியாது. நீத்துப்பெட்டிக்கும் இடியப்பத் தட்டுக்கும் சாயமே வேண்டாம், ஆவியில் இறங்கும்.

புது நீத்துப்பெட்டியை முதலில் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வெறும் ஆவியில் கால்மணி நேரம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு பிட்டுக்கு எடுங்கள். பச்சை ஓலை வாசனை அதோடு போகும். ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காயவைக்காவிட்டால் கூம்பின் நுனியில் பூஞ்சணம் பிடிக்கும். மாவு அடைந்து நிற்கும் இடம் அதுதான்.

தும்பு பற்றிச் சுருக்கமாக. தேங்காய் மட்டையை வாவி நீரில் மாதக் கணக்காக ஊறவைத்து அடித்தெடுத்த தும்பு வெளிறியும் மென்மையாகவும் இருக்கும், கயிறாக முறுக்க ஏற்றது. கொஞ்ச நாள் மட்டும் நனைத்து இயந்திரத்தில் உரித்த தும்பு பழுப்பும் முரடும், கால்மிதிக்கும் தூரிகைக்கும் அது. கால்மிதி வாங்கினால் புரட்டி முதுகைப் பாருங்கள். இறப்பர் பூசிய முதுகு மாரி காலத்தில் நிலத்தோடு ஈரத்தை அடைத்து வைக்கும். பின்னிய முதுகு காற்று விடும். கிழக்கில் கார்த்திகை முதல் தை வரை பெய்யும் மழைக்குப் பின்னியதே பொருத்தம்.

புதன் – மருதமுனை, சாயப் பட்டறை

பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது, அடுத்த ஊர் மருதமுனை. சாரம், சேலை, படுக்கை விரிப்பு என்று கைத்தறிக்குப் பெயர் போன ஊர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் கடலோரம் வீடுகளோடு தறிகளையும் இழந்தது. பிறகு மீண்டும் கட்டியெழுப்பிய தொழில் இது. கைத்தறியோடு விசைத்தறியும் இப்போது ஓடுகிறது. எது எது என்று கேட்டால் நெசவாளரே சொல்வார்.

எல்லாரும் நேரே தறியடிக்குப் போவார்கள். முதல் நாளைச் சாயத்துக்கு ஒதுக்குங்கள் என்பது எங்கள் கருத்து. விரிப்பு இரண்டு வருடம் உழைக்குமா பத்து வருடம் உழைக்குமா என்பது நூல் தறிக்கு வருமுன்பே பெரும்பாலும் தீர்ந்து விடும்.

நூல் கழியாக, அதாவது சுற்றிய சிட்டமாக வரும். பச்சைப் பருத்தி நூலில் இயற்கை மெழுகும் எண்ணெயும் இருக்கும், தண்ணீரை ஏற்காது. கழியை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் இன்னும் பச்சை. உடனே ஊறி மூழ்கினால் தயார். இடையில் இருப்பது சலவைச் சோடாவும் சவர்க்காரமும் போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் காய்ச்சும் வேலை. விறகு மிச்சம் பிடிக்க அரை மணியில் இறக்கிய நூலில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். நெய்த பிறகு அது துணியில் குறுக்குக் கோடுகளாகத் தெரியும். நெசவாளரைக் குறை சொல்வார்கள், அவர் என்ன செய்வார்.

கழியைக் கட்டும் முடிச்சும் முக்கியம். இறுக்கிக் கட்டினால் முடிச்சுக்கு அடியில் சாயம் போகாமல் வெள்ளை நிற்கும். முடிச்சை ஒரு விரல் நுழையத் தளர்வாக, 8 வடிவத்தில் போட வேண்டும்.

வீட்டில் ஒரு கிலோ நூலோ துணியோ சாயம் போட நினைப்பவர்களுக்கு, குளிர் நீர் ரியாக்டிவ் சாயத்துக்கான அளவு இது. தண்ணீர் 20 லீற்றர். நடுத்தர நிறத்துக்குச் சாயத் தூள் 20 கிராம், முதலில் சிறிது வெதுவெதுப்பான நீரில் களியாகக் குழைத்துப் பிறகு கரைக்க வேண்டும். நேரே கொட்டினால் கட்டி பிடித்துத் துணியில் புள்ளி விழும். நனைத்துப் பிழிந்த நூலைப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்து, 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை உப்பை இரண்டு மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். உப்பு சாயத்தை நூலுக்குத் தள்ளும். ஏறக்குறைய 40 நிமிடம் கழித்துச் சலவைச் சோடா 200 கிராம், தனியே கரைத்து, இரண்டு தவணையாக. சோடா சேர்ந்த பிறகுதான் சாயம் பஞ்சோடு பிணையும். அந்தக் கணத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம். நீர் கை தாங்கும் சூட்டில், 30 முதல் 40 பாகை செல்சியசுக்குள் இருந்தால் போதும். பிறகு குளிர் நீரில் பல அலசல், கடைசியில் சவர்க்காரக் கொதி நீரில் கால்மணி. இந்தக் கடைசிக் கொதியைத் தவறவிடுவோர்தான் அதிகம். பிணையாத சாயம் நூலில் தங்கி, வாங்கியவர் வீட்டுத் தொட்டியில் இறங்கும்.

சோடாவை முதலிலேயே உப்போடு சேர்த்துக் கொட்டினால் சாயம் நூலுக்குப் போகுமுன் தண்ணீரோடு பிணைந்து வீணாகிவிடும். நிறம் வெளுத்து வருவதற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் தண்ணீர். கடலோரக் கிணற்று நீரில் கல்சியம் கூடினால் சாயம் சரியாகக் கரையாது. இரும்பு இருந்தால் மஞ்சளும் இளஞ்சிவப்பும் மங்கும். கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்தால் அந்த நீரில் சாயம் வேண்டாம், குழாய் நீரோ மழை நீரோ எடுங்கள். கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. தூளை மூச்சில் இழுக்கவும் கூடாது. மூக்கில் துணி கட்டியே கரையுங்கள்.

வாட் சாயம் வேறு வழி. அது தண்ணீரில் கரையாத சாயம். கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைற்றும் சேர்த்துச் சாயத்தின் வகையைப் பொறுத்து 25 முதல் 60 பாகைச் சூட்டில் கரைய வைத்து, நூலில் ஏற்றி, வெளியே எடுத்துக் காற்றில் விரித்ததும் மெல்ல மெல்ல உண்மை நிறம் வரும். அவுரி நீலம் தொட்டியில் மஞ்சள் பச்சையாக நிற்கும், காற்றுப் பட்டபின் நீலமாகும். பார்த்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவு அழகு. ஹைட்ரோசல்பைற்று திறந்து கிடந்து பழசானால் சாயம் முழுதாகக் கரையாமல் நூலின் மேலே பொடியாக ஒட்டும். துவைத்தால் போகாது, தேய்த்தால் கையில் வரும். ஆகவே துணியை நனைத்துப் பார்ப்பதோடு உலர்ந்த வெள்ளைத் துணியால் தேய்த்தும் பாருங்கள். ஈரத்தில் நிறம் வந்தால் அலசல் போதவில்லை. உலர்ந்த தேய்ப்பில் வந்தால் சாயம் ஏறியதே சரியில்லை. முன்னதை வீட்டில் சரிப்படுத்தலாம், பின்னதை யாராலும் முடியாது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “காக்கா (அண்ணன்), இது வாட் சாயமா, வேறயா?” தினம் வெயில் படும் யன்னலுக்கும் அடிக்கடி துவைக்கும் விரிப்புக்கும் வாட். விலை கூடத்தான். மேசை விரிப்பு, மெத்தைத் திண்டு உறை போன்றவற்றுக்கு ரியாக்டிவ் போதும், பளிச்சென்ற நிறங்களும் அதில்தான் கிடைக்கும்.

வியாழன் – மருதமுனை, தறியடி

ஆனி மாதக் கச்சான் காற்று காலை பத்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. தறிக்கு இது நல்ல காற்று அல்ல. பருத்தி நூல் ஈரத்தில் பலம் கூடும், வறண்டால் முறியும். கச்சான் அடிக்கும் நாட்களில் பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) அடிக்கடி அறும். அதனால் விடியலில் நெய்வதும், தறி நிற்கும் மண் தரைக்குத் தண்ணீர் தெளிப்பதும் வழக்கம். குழியில் கால் வைத்து மிதிக்கும் தறியில் நிலத்தின் குளிர்ச்சி பாவுக்குக் கிடைக்கும். உயரச் சட்டத்தில் நிற்கும் தறிக்கு அந்த வசதி இல்லை.

ஒரு படுக்கை விரிப்புக்கு எவ்வளவு நூல் போகிறது என்று தெரிந்திருந்தால் எடையைக் கையில் வைத்தே தரம் சொல்லலாம். நூலின் நம்பர் என்பது ஓர் இறாத்தலில் எத்தனை கழி என்பது, ஒரு பருத்திக் கழி 840 யார். 2/40 என்றால் நாற்பதாம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது, ஆக இருபதாம் நம்பர் தடிப்பு, ஓர் இறாத்தலில் 16,800 யார். விரிப்பின் முடிந்த அகலம் 60 அங்குலம் வேண்டும் என்றால் அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) 64 அங்குலம் எடுக்க வேண்டும், நெய்தபின் துணி உள்ளே இழுபடும். அங்குலத்துக்கு 48 இழை என்றால் மொத்தம் 3,072 இழை. 50 யார் பாவுக்கு 1,53,600 யார் நூல், ஏறக்குறைய 9 இறாத்தல், 4 கிலோவுக்குச் சற்று மேல். அந்தப் பாவில் நெய்து வருவது 46 யார் அளவு. மீதி நெசவின் வளைவிலும் தறியில் நிற்கும் நுனிகளிலும் போகும். ஊடை அங்குலத்துக்கு 44 என்றால் இன்னும் 3.5 கிலோ. 90 அங்குல நீளத்தில் 18 விரிப்பு கிடைக்கும். ஆக ஒன்றுக்கு 420 கிராம் சுற்றி.

இதே அளவு விரிப்பு தராசில் 330 கிராம் காட்டினால் ஊடையைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது மெல்லிய நூல். கஞ்சியைக் கூட்டிப் போட்டு எடையை நிரப்பவும் முடியும். அதற்கு ஒரு மூலையை இரண்டு கையாலும் கசக்கி, கறுப்புத் துணியின் மேல் உதறிப் பாருங்கள். வெள்ளைப் பொடி கொட்டினால் எடையில் கொஞ்சம் முதல் துவையலோடு போகப் போகிறது.

கஞ்சியே தவறு என்று நினைக்கக் கூடாது. கஞ்சி இல்லாமல் பாவு தறியில் நிற்காது. மிதிகட்டையை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பாவு நூல், இழைகளை ஏற்றி இறக்கும் விழுதிலும் அச்சிலும் உரசுகிறது. ஒற்றை நூல் என்றால் கஞ்சி கட்டாயம். முறுக்கிய இரட்டை நூலுக்கு மெல்லிய கஞ்சி போதும். நாலரைக் கிலோ நூலுக்கு அரைக் கிலோ அரிசிமாவை 8 முதல் 10 லீற்றர் தண்ணீரில் கட்டியில்லாமல் காய்ச்சி, இறக்கும்போது இரண்டு மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடலாம். எண்ணெய் இல்லாத கஞ்சி நூலை விறைக்க வைத்து முறிக்கும். எண்ணெய் கூடினால் கஞ்சி நூலில் ஒட்டாமல் தறிக்கடியில் தூளாக உதிரும். மீந்த கஞ்சியை மறுநாள் எடுக்கக் கூடாது, புளித்த கஞ்சியில் பூஞ்சணம் வரும், பாவிலேயே புள்ளி விழும்.

தறியில் நடப்பதைக் கண்ணால் பார்த்தால் விலை ஏன் இவ்வளவு என்று பேச மனம் வராது. பழைய பாவின் 3,072 நுனியோடு புதுப் பாவின் 3,072 நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஒன்று மாறிப் பிணைந்தால் துணி முழுக்க ஒரு கோடு. நாடா ஓடும்போது கரை உள்ளே இழுபடாமல் இருக்க, நெய்த துணியை அகலத்துக்கு விரித்துப் பிடிக்கும் குச்சியை ஒவ்வொரு மூன்று நான்கு அங்குலத்துக்கும் தள்ளி வைக்க வேண்டும். அலுப்பில் ஆறேழு அங்குலம் விட்டுத் தள்ளினால் கரை அலை அலையாக வரும். விரிப்பை நாலாக மடித்துக் கரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

இரட்டைக் கட்டில் விரிப்புக்கு அகலத் தறி எல்லா இடத்திலும் இல்லை. இரண்டு பட்டையை நடுவில் இணைத்துத் தருவார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. கட்டங்கள் தையலில் சந்திக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் ஒரே பாவில் அடுத்தடுத்து நெய்து தருவார்கள், நிறம் மாறாது. வேறு வேறு பாவில் வந்த பட்டைகளைச் சேர்த்தால் சாயத்தின் சிறு வேறுபாடு நடுத்தையலில் அப்பட்டமாகத் தெரியும்.

வெள்ளி – கல்முனை

ஜும்ஆ நாள், முற்பகல் பதினொன்றரைக்குப் பிறகு தறியும் கடையும் ஓயும். வெள்ளியில் வருவோர் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலைத் தாண்டினால் கல்முனை. விளிம்பு மடித்துத் தைக்க, தலையணை உறை தைக்க இங்கே தையற்காரர் உண்டு. உறைக்கு ஒரு குறிப்பு: கைத்தறித் துணியை நேரே இலவம்பஞ்சுத் தலையணையில் போட்டால் மெல்லிய பஞ்சு இழைகள் நெசவின் வழியே வெளியே வரும். உள்ளே நெருக்கமாக நெய்த தடித்த துணியில் ஒரு உறை, வெளியே கைத்தறி. வெளி உறைக்குச் சிப்பு வேண்டாம், பின்னால் ஆறு அங்குலம் மேலேறும் மடிப்பு விட்டால் போதும். சிப்பின் இரும்பு இழுவை இந்தக் கரையோரத்தில் துருப்பிடிக்கும்.

விளிம்புத் தையலுக்குப் பருத்தி நூலைக் கேளுங்கள். தடித்த நைலோன் நூல் சில வருடத்தில் துணியை அறுக்கும்.

சனி – அக்கரைப்பற்று

சாய்ந்தமருது, விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்கள் முடிச்சில்லாமல் தொடர்கின்றன. மேற்கே வயல். வாய்க்கால் ஓரத்திலும் சதுப்பிலும் வளரும் பன், இந்தப் பக்கத்துப் பெண்களின் கையில் பாயாகிறது.

பன்னைப் பூ முற்றுமுன் அறுக்க வேண்டும். முற்றினால் தண்டு நார் பாய்ந்து ஒடியும். இளசில் அறுத்தால் காயும்போது சுருங்கிப் பாய் தளரும். அறுத்த அன்றே பரப்பிக் காயவிட வேண்டும். கட்டாகவே இரவு கிடந்தால் நடுவில் சூடேறிக் கறுக்கும். காய்ந்ததும் கட்டை நிலத்தில் நிமிர்த்தித் தட்டி, நீளம் பார்த்துப் பிரிப்பார்கள். நீளப் பன் பாயின் உடலுக்கு, கட்டைப் பன் சிறு தட்டுப் பாய்க்கும் பெட்டிக்கும்.

பன்னின் மேற்பரப்பு வழுவழுப்பு, சாயம் இலகுவில் உள்ளே போகாது. அதனால் காய்ந்த பன்னை முதலில் ஊறவைத்து, வளைத்துச் சுருட்டி, அடி நுனி எல்லாம் நீருக்குள் அமிழும் அகலப் பாத்திரத்தில் கொதிக்கவிட வேண்டும். அரை மணி கொதித்து, அதே நீரில் ஆறும் வரை கிடந்தால் நிறம் ஆழமாகும். அலசி நிழலில் காயவைக்க வேண்டும். பாத்திரம் சிறிதாக இருந்தால் ஒரு நுனி வெளியே நின்று, அந்தப் பாயில் சிவப்பு ஓரிடத்தில் கடும் சிவப்பாகவும் வேறிடத்தில் ரோசாவாகவும் வரும். கடையில் கிடைக்கும் பளிச் சாயங்கள் வெயிலைத் தாங்கா. நிறப் பாயை விறாந்தையில் வெயில் விழும் இடத்தில் விரிக்க வேண்டாம்.

இழைக்குமுன் தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் மூடி வைப்பார்கள். வறண்ட பன் மடிப்பில் பிளக்கும். தறி கிடையாது. மூலையில் தொடங்கி, சாய்வாக, இழைத்த பாயின் மேலேயே உட்கார்ந்து முன்னேறுவது. ஒன்றுக்கொன்று மாறும் பின்னல் இறுக்கமானது, சுருட்டும்போது விறைக்கும். இரண்டுக்கு இரண்டு மாறும் பின்னல் தடிப்பும் நெகிழ்வும் கூட, படுக்கப் பாய்க்கு அதுவே சுகம். தொழுகைப் பாய், தட்டுப் பாய் போன்றவற்றுக்கு முதல் வகை.

வாங்கும்போது பாய் இழைக்கும் ராத்தாவிடம் (அக்காவிடம்) பாயை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் நல்லது, கோடாகத் தெரிந்தால் அந்த இடத்தில் பன் தொடர்ந்து மெலிந்திருக்கிறது. நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மடக்கிய நுனிகள் உள்ளே குறைந்தது நாலைந்து பின்னலுக்குள் செருகியிருக்க வேண்டும். ஓரத்திலேயே வெட்டி விட்டிருந்தால் சில மாதத்தில் அவிழத் தொடங்கும். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு நூல் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். கோணிய பாய் சுருட்டும்போது ஒரு பக்கம் நீண்டு நின்று, நின்ற பக்கம் மடிந்து உடையும். கடைசியாக மணந்து பாருங்கள். காய்ந்த வைக்கோல் மணம் சரி, புளித்த மணம் என்றால் சரியாகக் காயாமல் இழைத்தது.

வாகனத்தில் கொண்டு போக, நிறம் உட்பக்கமாகச் சுருட்டி, இரண்டு இடத்தில் துணி நாடாவால் கட்டுங்கள். கயிறு பன்னில் பள்ளம் போடும். மடித்தால் முடிந்தது.

ஞாயிறு – வீட்டுக்கு வந்த பின்

உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால் புதுத் துணியின் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். உப்பு சாயத் தொட்டியில் உதவும், நெய்து முடிந்த துணியில் சாயத்தைப் பிடித்து வைக்காது. இறங்கும் சாயத்தை இறக்கி விடுவதே வழி. தனியாக, குளிர் நீரில், நீர் தெளியும் வரை அலசி, பிறகு ஒரு முறை வெதுவெதுப்பான சவர்க்கார நீர். ஊறவைத்து மறந்து போகக் கூடாது, ஒரு நிறம் மற்றக் கட்டத்தில் ஏறும். வெளிற்றும் தூள் கைத்தறியின் பக்கத்திலேயே வர வேண்டாம். காயவைப்பது நிழலில், உட்பக்கம் வெளியே தெரிய.

கஞ்சி போட்ட விரிப்பை அலுமாரியில் நீண்ட நாள் வைத்தால் பூச்சி தேடி வரும். எடுத்து வைக்குமுன் கஞ்சியைக் கழுவிவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் மடியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடவும். ஒரே மடிப்பு நாளடைவில் கிழியும்.

ஓலையையும் பன்னையும் பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம். மாரிக்கு முன் ஒரு முழு நாள் வெயில் காட்டி, விறகடுப்பு உள்ள வீடு என்றால் அடுப்பின் மேல் பரணில் புகை படும் இடத்தில் வையுங்கள், பூச்சி அண்டாது. காஸ் அடுப்பு வீட்டில் பாயை இரண்டு ஆணியில் கிடையாகத் தொங்கவிட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும்படி பாருங்கள். கிழக்கு மாரியில் சுவர் வேர்க்கும். சுவரைத் தொட்ட பக்கம்தான் முதலில் கறுக்கும். மழை விட்டு வெயில் வரும் நாளெல்லாம் ஒரு மணி நேரம் முற்றத்தில் விரித்து, சூடு ஆறியபின் சுருட்டுங்கள். சூட்டோடு சுருட்டினால் உள்ளே வேர்வை நிற்கும்.